ஹைலக்ஸ் பக்கிக்கு பவர் சீட்: எந்த வண்டியிலிருந்து எடுப்பது?

பக்கியில் (பிக்கப் வண்டியில்) மோட்டாரால் நகரும் பவர் சீட் மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தால் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எல்லோரும் முதலில் கேட்பது, "போல்ட் ஓட்டை சேருமா?" என்றுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். மஞ்சள் நிறத்தில் பிளக், அதாவது ஏர்பேக்குக்கும் பெல்ட் இழுப்பானுக்கும் போகும் பிளக், இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, உங்கள் வண்டியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது? ஓட்டை சேராவிட்டால் நல்ல வேலைக்காரர் வழி கண்டுபிடித்துவிடுவார். மஞ்சள் பிளக் சேராத சீட் எவ்வளவு அழகான தோல் போர்த்தியிருந்தாலும் அதைப் பழைய வண்டி உடைத்து விற்கும் யார்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஹைலக்ஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. டர்பனுக்குத் தெற்கே, இசிப்பிங்கோவை ஒட்டியிருக்கும் ப்ராஸ்பெக்டன் ஆலையில்தான் அது தயாராகிறது. நம் குடும்பங்களில் அங்கே வேலை பார்த்தவர்கள் ஏராளம், வாசலில் நிற்பதும் பெரும்பாலும் அந்த பக்கிதான். ஆனால் கீழ் ரகங்களில் கையால் நகர்த்தும் சீட்தான். ஒரே பக்கியை உயரமான அப்பாவும் ஐந்தடி அக்காவும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது உண்மையான தொல்லை. அக்கா முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு என்2 நெடுஞ்சாலையில் ஓட்டுவதைவிட, உயரமும் சாய்வும் சரியாக அமைகிற சீட்டுக்குச் செலவு செய்வது எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

முதல் வழி, அதே தலைமுறை ஹைலக்ஸின் மேல் ரக டபுள் கேபிலிருந்து (பின் சீட்டும் உள்ள பக்கியிலிருந்து) எடுப்பது. அங்கே ஓட்டுநர் சீட் பவர் சீட்டாக வருவதுண்டு. தலைமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2005 வாக்கில் வந்த டி-4டி டீசல் எஞ்சின் காலத்து வண்டி வேறு, இங்கே 2016இல் வந்த ஜிடி-6 டீசல் எஞ்சின் காலத்து வண்டி வேறு. ஒரே தலைமுறைக்குள் டபுள் கேபிலிருந்து டபுள் கேபுக்கு மாற்றும்போது தரை, போல்ட் இடம், பெல்ட் பக்கிள் எல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே கணக்கு. சீட்டை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். குறை என்றால் இரண்டு: இந்த சீட் யார்டில் அடிக்கடி கிடைக்காது, கிடைத்தால் விலை கூடுதல். சிங்கிள் கேப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பின்னால் சுவர் இருப்பதால் மோட்டார் இருந்தும் சாய்வு பாதியில் நின்றுவிடும்.

இரண்டாவது வழி ஃபார்ச்சூனர். அதுவும் ப்ராஸ்பெக்டன் பிள்ளைதான். இரண்டும் டொயோட்டாவின் ஐஎம்வி என்ற ஒரே அடித்தளத்தில் எழுந்தவை, அதனால் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அடித்தளம் ஒன்று என்பதால் தரைத்தகடு ஒவ்வொரு அங்குலமும் ஒன்று என்று ஆகாது. முன் இரண்டு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், பின் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள நீளம், கால்களின் உயரம், இந்த நான்கையும் உங்கள் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு யார்டுக்குப் போங்கள். ஃபார்ச்சூனரின் பலம், அது யார்டில் அதிகம் கிடைக்கும். பிந்தைய மேல் ரகங்களில் பக்கத்து சீட்டும் பவரில் வருவதால் ஜோடியாக எடுக்கலாம். மூட்டு வலியுள்ள அம்மாவை ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஓட்டுநர் சீட்டைவிடப் பக்கத்து சீட்தான் முக்கியம். ஆனால் பக்கத்து சீட்டின் மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் இருக்கும். அது சரியாக இணையாவிட்டால் பெல்ட் எச்சரிக்கை ஓயாமல் கத்தும், அல்லது கத்த வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும்.

மூன்றாவது, பையன்களுக்குப் பிடித்த வழி: பிஎம்டபிள்யூ. பிரிட்டோரியா பக்கம் ராஸ்லினில் இங்கேயே தயாரான இ46 என்ற தலைமுறை 3 சீரிஸ் வண்டிகள் இப்போது யார்டுகளில் குவிந்திருக்கின்றன, அந்த சீட் முதுகைத் தாங்குவதும் அருமையாகத்தான் இருக்கும். இ46-இல் முன்பக்கப் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டில் இல்லை, கதவில் இருக்கிறது. அதனால் பழைய வண்டிகளுக்கு அது வசதியான சீட் என்று பெயர் எடுத்தது. அடுத்து வந்த இ90-இல் ஏர்பேக் சீட்டின் முதுகுக்கே வந்துவிட்டது. ஆனால் இ46 சீட்டிலும் பெல்ட் பக்கிளோடு, மோதும்போது பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்து வைத்த இழுப்பான் இருக்கிறது, அதற்கும் மஞ்சள் பிளக் உண்டு. அமைத்த நிலையை நினைவில் வைக்கும் மெமரி உள்ள சீட் என்றால் அதன் பெட்டி தன் சொந்த வண்டியின் கணினியோடு பேச எதிர்பார்க்கும். போல்ட் ஓட்டையும் டொயோட்டாவோடு சேராது. இடையில் ஒரு இரும்புச் சட்டம் செய்தாக வேண்டும். சட்டம் வந்தால் சீட் உயரும், ஆறடி ஆளுக்குத் தலை கூரையில் இடிக்கும்.

அந்த இரும்புச் சட்டத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. சீட்டுகளுக்கான ஐரோப்பிய விதி, 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு வேக மாற்றத்தில் சீட் தரையை விட்டுப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. மோட்டார்களோடு 25 கிலோ எடையுள்ள ஒரு சீட் அந்த நொடியில் 500 கிலோ போல முன்னுக்கு இழுக்கும். பெல்ட் பக்கிளும் சீட்டிலேயே பூட்டியிருந்தால் ஓட்டுபவரின் எடையில் ஒரு பங்கும் அதே போல்ட்டுகளில் வந்து விழும். தெருமுனை கேட் செய்பவரிடம் ஆங்கிள் இரும்பை வெல்டு பண்ணச் சொல்லி அதன்மேல் உங்கள் தங்கையை உட்கார வைக்காதீர்கள். ஏர்பேக்கே இல்லாத பழைய வண்டியில், விஷயம் தெரிந்த பொறியாளர் செய்த சட்டத்தோடு இ46 சீட் போடுவதை ஒத்துக்கொள்கிறேன். ஜிடி-6 பக்கியில் வேண்டாம்.

ஜெர்மன் சீட்தான் வேண்டும் என்பவர்கள் ஜெர்மன் வண்டிக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். கோல்ஃப் 5, கோல்ஃப் 6, அந்தக் காலத்து ஜெட்டா மூன்றும் ஒரே அடித்தளம், முன் சீட்டுகள் ஒன்றுக்கொன்று நேராக உட்காரும். அங்கேயும் சீட்டில் ஏர்பேக் உண்டு, பிளக்கை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இருக்கிற சீட்டுக்கு அடியில் பொருத்தும் பொதுவான மோட்டார் ரெயில் செட்டும் விற்கிறார்கள். சீட் உயர்கிறது, பக்கிள் இடம் மாறுகிறது, பெரும்பாலும் முன்னும் பின்னும் நகர்வதோடு சரி. காசுக்கு ஏற்ற வசதி இல்லை.

இப்போது மஞ்சள் பிளக்குக்கு வருவோம். உங்கள் வண்டி சீட்டில் ஏர்பேக் இருந்து, வாங்கும் சீட்டில் இல்லையென்றால், டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாது. கணினி அதைக் கோளாறாகப் பதிவு செய்யும், விபத்தில் மற்ற ஏர்பேக்குகளையும் நம்ப முடியாது. இதற்குச் சிலர், ஏர்பேக் இருப்பதாகக் கணினியை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரைச் செருகி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். விளக்கு அணைகிறது, ஏர்பேக் வரவில்லை. பக்கவாட்டில் மோதினால் விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. அப்புறம் அந்த வண்டியை வாங்கும் ஆளுக்கு இது தெரியவும் தெரியாது. இதைச் செய்து தருகிறேன் என்று சொல்லும் கடைக்குள் நுழையாதீர்கள். மறுபுறம், உங்கள் வண்டியில் சீட் ஏர்பேக் கிடையாது, வாங்கும் சீட்டில் இருக்கிறது என்றால் அது வெறுமனே இணைக்கப்படாமல் கிடக்கும். அது வேலை செய்யும் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அதன் பிளக்கில் டெஸ்டர் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம்.

கழற்றும்போது சாவியை அணைத்து, பேட்டரி மைனஸ் கம்பியை எடுத்துவிட்டு, குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது டொயோட்டா. பிளக் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் கோளாறு பதிவாகிவிடும், அதை அழிக்க ஸ்கேனர் தேவைப்படும்.

மோட்டார் வயரிங் உண்மையில் எளிது. மெமரி இல்லாத சீட்டுக்கு எப்போதும் உயிரோடு இருக்கும் 12 வோல்ட் ஒரு தடித்த கம்பி, எர்த் ஒரு தடித்த கம்பி, அவ்வளவுதான். திசை மாற்றுவதெல்லாம் சீட்டில் இருக்கும் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். சிகரெட் லைட்டர் கம்பியிலிருந்து இழுக்காதீர்கள். மோட்டார் கடைசிவரை போய் முட்டி நிற்கும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், மெல்லிய கம்பி கார்ப்பெட்டுக்கு அடியில் சூடேறும். தனிக் கம்பி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ், பொதுவாக 30 ஆம்பியர், அதற்கேற்ற கம்பித் தடிமன். நல்ல ஆட்டோ எலக்ட்ரிஷியன் அரை நாளில் முடித்துவிடுவார்.

யார்டுக்குப் போகும்போது ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியை எடுத்துப் போங்கள். மின்சாரம் இல்லாமல் பவர் சீட் நகராது, நகராவிட்டால் அடியில் மறைந்திருக்கும் போல்ட்டை எட்ட முடியாது. அதே கையோடு எல்லா மோட்டாரையும் இரு திசையிலும் ஓட்டிப் பார்த்துவிடலாம். ரெயிலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது, அங்கே நனைந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை டொயோட்டா விற்காமல் அழித்தது. வீடுகளின் வாசலில் மூழ்கிய வண்டிகளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ரெயிலில் காய்ந்த சேறும் பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பும் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரசீது கட்டாயம் கேளுங்கள். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி வியாபாரி போலீஸில் பதிவு செய்து கணக்கு வைத்திருக்க வேண்டும். ரசீது தரத் தயங்கினால் அந்த சீட் யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

ஆக, ஜிடி-6 டபுள் கேப் வைத்திருப்பவருக்கு என் வரிசை இது. அதே தலைமுறை ஹைலக்ஸின் மேல் ரக சீட் முதலில், அதற்காகச் சில மாதங்கள் காத்திருந்தாலும் சரி. பக்கத்து சீட்டும் வேண்டும் என்றால், அளவும் பிளக்கும் ஒத்துவரும் ஃபார்ச்சூனர் ஜோடி. தோல் மட்டும்தான் ஆசை என்றால் சீட்டையே மாற்றாமல் உறை தைத்துக்கொள்ளுங்கள், ஏர்பேக் வெளிவரப் பிரிய வேண்டிய பக்கத்துத் தையலை அதற்கென்று உள்ள நூலில் போடத் தெரிந்த தையற்காரரிடம் மட்டும். மாற்றியதும் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நான்கு போல்ட்டையும் டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனரில்) இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.