ரயில் காரிடார்: வழி அருமை, மணல்தான் தீராத தொல்லை

சிங்கப்பூர் ரயில் காரிடாரில் எந்த சைக்கிள் ஓட்டலாம், என்ன டயர் போடலாம் என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் நல்ல வெயில் நாளில் ஒருமுறை போய்வந்து மனதைப் பறிகொடுத்தவர்கள். வழி அருமைதான். முதலில் அதைச் சொல்லிவிட்டுச் செயினுக்கு வருகிறேன்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவோடு ரயில் நின்றுபோன பழைய கேடிஎம் (மலேசிய ரயில்வே) தடம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் 1932இல் தெற்குப் பகுதிக்குப் புதுத் தடம் போட்டபோது மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சாலை குறுக்கிட்ட இடமெல்லாம் பாலம் கட்டினார்கள். அந்த வேலையின் பலனை இன்று நம் முழங்கால் அனுபவிக்கிறது. ஹில்வியூவுக்குத் தெற்கே கியர் மாற்றும் தேவையே அதிகம் வராது, சிக்னலுக்காகக் காலூன்றும் தேவையும் இல்லை. 1992இல் காலாங் ஆற்றோரத்தில் தொடங்கிய பூங்கா இணைப்புப் பாதைகள் தீவு முழுக்கப் பரவிவிட்டன. ஆனால் அவற்றில் பெரிய சாலை வந்ததும் நிற்க வேண்டும், இல்லையென்றால் நடைமேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும். இங்கே புக்கிட் தீமா சாலை, நடுவில் கால்வாய், அந்தப் பக்கம் டனர்ன் சாலை, மூன்றையும் இரும்புப் பாலத்தில் ஒரே மூச்சில் கடந்துவிடலாம். பாலத்தில் ஒரு நிமிடம் நின்று அந்தக் குறுக்குச் சட்டங்களையும், வரிசை பிசகாத ரிவெட் தலைகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். இந்த ஊரில் இதற்கு இணையான சைக்கிள் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி மணல்.

பாதையின் பெரும்பகுதி தார் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. சரளையும் புல்லும் கலந்த, தண்ணீரை உள்ளே விடும் பரப்பு. சூடு ஏறாது, காலுக்கு இதம். காட்டோரத்தில் தார் போடாதது சரியான முடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கால்கள் நடுவிலேயே நடப்பதால் நடுப்புல் தேய்ந்து, சரளை இறுகி, அங்கே தண்ணீர் தேங்குகிறது. தேங்கியதைத் தவிர்க்க எல்லோரும் ஓரம் ஒதுங்க, ஓரப்புல்லும் போகிறது. மழை விட்ட மறுநாளும் அந்த இடங்களில் சாந்து மாதிரி நுண்மண் கிடக்கும். முன்சக்கரம் அதை வாரி இறைக்கும் இடம் நேராகப் பெடல் மாட்டிய கிராங்க்கும், பின்னால் கியர் மாற்றும் டெரெய்லரின் இரு சிறு சக்கரங்களும்தான். வீட்டுக்கு வந்து அந்தச் சிறு சக்கரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்: எண்ணெயும் கல்தூளும் சேர்ந்த கறுப்புப் பசை சுருள் சுருளாக வரும். அதுதான் செயினை அராவுகிறது.

செயின் தேய்ந்ததா என்று டேப் வைத்தே பார்க்கலாம். செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் ஒன்றை விட்டு, அடுத்ததை ஒன்று என எண்ணி 24ஆவது ஊசி வரை புதுச் செயினில் 304.8 மி.மீ. அது 306.3 ஆனால் அரை சதவீதத் தேய்மானம். பின்சக்கரத்தில் 11 வேகம் (11 கியர்), அதற்கு மேல் என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். 8 முதல் 10 வேகம் என்றால் 307 வரை ஓட்டலாம். அதையும் தாண்டி ஓட்டினால் கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) பல்லும் சேர்ந்து போகும். பிறகு புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லில் உட்காராமல் வழுக்கும், பில் இரண்டு மூன்று மடங்காகும்.

இந்தப் பாதைக்குக் கெட்டியான ஈர எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயினில் சொட்டாக விடும் மெழுகு நல்லது. சேற்றில் ஓட்டி வந்த அன்றே குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பேரிங் பக்கம் காட்டவே கூடாது. துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெழுகு. இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் பிரேக் கட்டையைக் கழற்றி, பதிந்திருக்கும் கல்துணுக்கை ஊசியால் எடுக்க வேண்டும். விட்டால் ரிம்மில் கோடு விழும்.

டயர் 35 முதல் 40 மி.மீ. எழுபது கிலோ ஆளுக்கு காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் போதும். 25 மி.மீ. டயரை இறுக்கமாகக் காற்றடித்து எடுத்துவந்தால் ஈரச்சரளையில் வளைவில் பின்சக்கரம் நழுவும். மட்கார்டு போடுங்கள், டயருக்கும் அதற்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். புக்கிட் தீமா காட்டை ஒட்டிய பகுதியில் விலங்குகளுக்காக விளக்கு கிடையாது. மாலை ஏழுக்குப் பிறகு முன்விளக்கு நன்றாக வெளிச்சம் தர வேண்டும். மர நிழல் அடர்ந்த அதே பகுதிதான் காயவும் தாமதமாகும். டிசம்பர் மழையில் அங்கே சைக்கிளை இறக்கவே வேண்டாம். அந்த நாட்களில் சுங்கை உலு பாண்டான் ஓரத்துப் பூங்கா இணைப்புப் பாதைக்குப் போங்கள்.

நடப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்திலிருந்து ஹில்வியூ வரை 4 கிலோமீட்டர், நிதானமாக ஒன்றேகால் மணி நேரம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வந்த ரயில்கள், தடத்தில் போக அனுமதியான டோக்கனை மாற்றிக்கொண்ட அந்த நிலையம் 2022இல் மறுபடி திறந்தது. கழிவறை அங்கே இருக்கிறது, போய்விட்டுக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு அந்தப் பை என்றாலே சாப்பாடு. அவற்றுக்கு உணவு கொடுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். தெற்கே நடப்பவர்கள் தாங்லின் ஹால்ட் பக்கம் வெளியேறி, காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் கோவிலுக்குப் போய்வரலாம். 1932இல் ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தின் பக்கத்தில் வைத்துக் கும்பிட்ட சிறு சன்னிதியிலிருந்து வளர்ந்தது அது.

இத்தனை புகழ்ந்தபிறகும் என் பதில் இதுதான்: நல்ல சைக்கிள் ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அதை இங்கே கொண்டுவராதீர்கள். பழைய எட்டு வேக வண்டி இருந்தால் அகல டயர் மாட்டி ஓட்டுங்கள், இல்லையா, நடங்கள். ஓட்டியே தீருவேன் என்றால் மூன்று நாள் மழை இல்லாத வாரமாகப் பார்த்து, காலை ஏழுக்கு முன்னால், கூட்டம் சேருவதற்குள் பாலத்தைக் கடந்துவிடுங்கள்.