மழையிலும் வசனம் கேட்க வேண்டும்: ஸ்ட்ரீமிங் பெட்டியின் ஒலியோடு நான்கு ஆண்டுகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதிக்கு மேல் தகரக் கூரை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்பக்கத்தை இழுத்துக் கட்டியபோது கையிலிருந்த காசுக்கு அதுதான் கட்டுப்படியானது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களே கத்தித்தான் பேச வேண்டும். அப்பா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் இருந்தவர். முதலில் பால்மரம் சீவினார். பிறகு தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றார். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. ஆலையும் இல்லை. அப்பாவின் காது மட்டும் பழையபடி ஆகவில்லை.

ஆகவே, வீட்டைத் திரையரங்காக்கும் ஆசை எனக்கு இருந்ததில்லை. வெடிச்சத்தம் எப்படியும் கேட்கும். கதாநாயகியின் அம்மா முணுமுணுப்பது அப்பாவுக்குக் கேட்க வேண்டும். அந்த ஒன்றுக்காக 2021 முதல், இணையப் படங்களை டி.வி.யில் ஓட்டும் ஸ்ட்ரீமிங் பெட்டிகள் மூன்று, ஒரு பழைய ஆம்பிளிஃபயர், ஒரு சவுண்ட்பார் (டி.வி.க்குக் கீழே வைக்கும் நீள ஒலிபெருக்கி) என்று அலைந்திருக்கிறேன். பாதிச் செலவு வீண்செலவு.

முதல் பெட்டி பட்டணத்துக் கடையில் 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. சிரிம் என்னும் மலேசியத் தரச் சான்று முத்திரை இல்லை, உறைமேல் ஏதேதோ எண்கள். படம் ஓடியது, ஆனால் கட்டணச் சேவைகள் மங்கலாகத்தான் வந்தன. உரிமப் பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டிக்கு அந்தச் சேவைகள் உயர்தரப் படத்தைத் தருவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒலியும் அதே கதை. டால்பி உரிமம் இல்லாததால் எதைப் போட்டாலும் இரண்டு தடத்து ஒலிதான். அந்தப் பெட்டியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சூட்டுக்கு ஆசைப்பட்டு அதற்குள் ஒரு பல்லி குடியேறியது. ஒரு நாள் இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது பெட்டி முத்திரை உள்ள ஆண்ட்ராய்டு பெட்டி. டி.வி.யின் பின்பக்கம் பார்த்த ஒல்லியான ஒலிபெருக்கி அப்பாவுக்குப் போதவில்லை. சித்தப்பா ஒரு காலத்தில் தோட்டத்துத் திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். அவருடைய பழைய ஆம்பிளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகளும் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. தூக்கி வந்து, டி.வி.யின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து மாட்டினேன்.

வசனத்துக்கு முன்னால் "ம்ம்ம்" என்ற முனகல் வந்தது. மாரியம்மன் கோவில் திருவிழாவில் பாட்டுக்கு முன்னால் வருமே, அதே முனகல். கம்பியை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், நிற்கவில்லை. கடைசியில் செயற்கைக்கோள் தட்டிலிருந்து வரும் கம்பியைக் கழற்றியதும் சட்டென்று நின்றது. ஆம்பிளிஃபயருக்கு மூன்று முள் பிளக் வழியாக ஓர் எர்த். தகரத்தின் மேல் முடுக்கிய தட்டின் வழியாக இன்னோர் எர்த். இரண்டுக்கும் நடுவே சுற்றும் மின்சாரம்தான் நம் மின்விநியோகத்தின் 50 ஹெர்ட்ஸை ஒலிபெருக்கிக்குள் கொண்டுவருகிறது. இதற்கு ஆப்டிகல் கம்பியே நல்ல மருந்து. அதில் போவது வெளிச்சம் என்பதால் இரண்டு கருவிகளுக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லை. ஆப்டிகலைச் சாதாரண ஒலியாக மாற்றித் தரும் சிறு டப்பா 35 வெள்ளிக்குக் கிடைத்தது. முனகல் போனது.

முனகலோடு ஒலியும் போயிருந்தது. சில படங்களில் பேச்சு வந்தது, சிலவற்றில் அமைதி, ஒன்றிரண்டில் காய்ந்த சட்டியில் கடுகு பொரிவது போன்ற சத்தம். இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். ஸ்ட்ரீமிங் சேவையிலிருந்து ஒலி கட்டிய பொட்டலமாக வருகிறது. பெரும்பாலும் அந்தக் கட்டுக்கு டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று பெயர். அதை யாராவது ஒருவர் பிரித்தாக வேண்டும்: பெட்டி பிரிக்கலாம், டி.வி. பிரிக்கலாம், சவுண்ட்பார் பிரிக்கலாம். பிரித்த பின் கிடைப்பது பி.சி.எம். என்னும் வெறும் ஒலி. என் 35 வெள்ளி டப்பாவுக்குப் பிரிக்கத் தெரியாது, பிரித்ததைத்தான் வாங்கிக்கொள்ளும். டி.வி.யின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை "பி.சி.எம்." என்று மாற்றினேன். அவ்வளவுதான், எல்லாப் படமும் பேசியது. மூன்று வார இறுதிகளைத் தின்ற சிக்கலுக்கு நான்கு பொத்தான் அழுத்தல்.

அந்த மரப்பெட்டிகளில் பழைய பாட்டு கேட்பது தனிச் சுகம். 1960களின் பாட்டுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. டி.எம்.எஸ். குரல் நடுவில் ஓர் ஆளாக வந்து நிற்கும். இன்றைய சவுண்ட்பார்கள் அதையே "சரவுண்ட்" என்று அறையெங்கும் தெளித்துவிடுகின்றன, குரல் நீர்த்துப்போகிறது. பழைய பாட்டுக்கும் பழைய படத்துக்கும் அந்த வித்தைகளை அணைத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சமரசமே இல்லை.

புதுப் படங்களில்தான் சித்தப்பாவின் பெட்டிகள் தோற்றன. ஐந்து திசை ஒலியாக அமைத்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கே உரியது. வீட்டில் நடு ஒலிபெருக்கி இல்லையென்றால் ஒலியைப் பிரிக்கும் கருவி வசனத்தை இரண்டாகப் பங்கிட்டு, பின்னணி இசையும் சண்டையும் கலந்த இடது, வலது ஒலிபெருக்கிகளுக்குள்ளேயே ஊற்றிவிடுகிறது. பிறகு வசனத்தை மட்டும் கூட்ட வழியில்லை. அப்பா ரிமோட்டில் ஒலியை 48 வரை ஏற்றுவார். சண்டை வந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து இறக்குவார். ஒவ்வோர் இரவும் இந்த ஏற்ற இறக்கம்.

2022இல் ஈப்போவுக்குப் போய் 3.1 சவுண்ட்பார் ஒன்று வாங்கினேன். அந்த மூன்றில் ஒன்று நடு ஒலிபெருக்கி. நான் காசு கொடுத்தது அதற்குத்தான். ஏ.ஆர்.சி. என்று எழுதியிருந்த எச்.டி.எம்.ஐ. துளையில் மாட்டினால் டி.வி.யின் ஒலி அதே கம்பியில் திரும்பி வரும் என்றார் கடைக்காரர். வந்தது. ஆனால் பாரின் திரையில் எப்போதும் பி.சி.எம். என்றே எழுத்து; நடு ஒலிபெருக்கிக்குத் தனி வசனம் வரவே இல்லை. பெட்டி தன் ஒலியைக் கொடுக்கும் முன் எதிரில் இருப்பவரிடம் "உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும்?" என்று கேட்கிறது. எதிரில் இருந்தது எங்கள் பழைய டி.வி. அது டால்பி டிஜிட்டல் பிளஸைத் தெரியாது என்றது. பெட்டியும் மரியாதையாக இரண்டு தடத்து ஒலியாகக் குறைத்துக் கொடுத்தது. 2009இல் வந்த ஏ.ஆர்.சி. முறையில் அந்தப் பொட்டலம் போகத் தடையில்லை, டி.வி. சம்மதிக்க வேண்டும். ஆப்டிகலிலோ அது போகவே போகாது; பழைய டால்பி டிஜிட்டல் வரைதான்.

தீர்வு, டி.வி.யை நடுவிலிருந்து விலக்குவது. பெட்டியை நேராக சவுண்ட்பாரின் எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டில் மாட்டி, அங்கிருந்து படத்தை மட்டும் டி.வி.க்கு அனுப்பினேன். இப்போது பெட்டி கேட்பது பாரிடம். பார் "எனக்குத் தெரியும்" என்கிறது. அன்று இரவு நடு ஒலிபெருக்கியை நான்கு படி ஏற்றி வைத்தேன். ரிமோட்டில் அப்பா 22இல் நிறுத்தினார். இந்த உள்ளீடு இல்லாத மலிவு சவுண்ட்பார்கள் நிறைய விற்கின்றன, அவற்றை வாங்காதீர்கள். உள்ளீடு இருந்தாலும், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா, 4கே டி.வி. வைத்திருப்பவர்கள் என்றால் எச்.டி.சி.பி. 2.2 என்னும் நகல் தடுப்பு முறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் தம்பி ஆப்பிள் டி.வி. பெட்டி வைத்திருக்கிறான். அது வேறு குணம். பொட்டலத்தைத் தானே பிரித்து, பல தடத்து பி.சி.எம். ஆகக் கொடுக்கும். நேராக ஆம்பிளிஃபயரில் மாட்டினால் அருமை. பழைய ஏ.ஆர்.சி. வழியே பல தடத்து பி.சி.எம். போகாது என்பதால், அப்படி மாட்டுகிறவர்கள் அமைப்பில் "டால்பி டிஜிட்டல் 5.1" என்று மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய இ-ஏ.ஆர்.சி. உள்ள டி.வி. என்றால் இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவை இல்லை. நான் டி.வி.யை மாற்றவில்லை, அது இன்னும் ஓடுகிறது.

உதடும் ஒலியும் பொருந்தாத தொல்லையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கம்பி வேண்டாம் என்று பெட்டியை புளூடூத்தில் பாரோடு இணைத்துப் பார்த்தேன். அப்பா காதைவிடக் கண்ணால்தான் பாதி வசனத்தைப் பிடிப்பவர். உதடு அசைந்து முடிந்த பிறகு வார்த்தை வந்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. புளூடூத் தாமதம் எளிதாக நூறு, இருநூறு மில்லி விநாடி ஆகிவிடும். உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று யோசித்தபோது தைப்பூச ஊர்வலம் நினைவுக்கு வந்தது. நாற்பது மீட்டர் தள்ளி உறுமி அடிப்பவரைப் பார்த்தால், குச்சி விழுந்த பிறகுதான் ஒலி வரும். அந்தத் தூரத்துக்குத் தாமதம் ஏறத்தாழ 120 மில்லி விநாடி. பிந்தி வரும் ஒலி காதுக்குப் பழக்கம். முந்தி வரும் ஒலியை இயற்கையில் யார் கண்டது? சவுண்ட்பாரில் தாமதத்தைக் கூட்டும் அமைப்பு இருக்கும். ஒலி முந்தினால் அதைக் கொண்டு சரிசெய்யலாம். பிந்தும் ஒலியை அதனால் இழுத்து முன்னே கொண்டுவர முடியாது. எனவே படம் பார்க்கக் கம்பிதான். புளூடூத்தை மின்னல் எஃப்.எம். வானொலி கேட்க வைத்திருக்கிறேன், பாட்டுக்கு உதடு இல்லை.

இந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. பொட்டலமாக அனுப்பும்போது, கட்டு மாறும் ஒவ்வொரு முறையும் பார் ஒரு கணம் ஊமையாகிவிட்டுத் தொடங்கும். படத்தின் முதல் சொல் போய்விடும். பெட்டியின் பொத்தான் ஒலிகளை அணைத்த பிறகு இது குறைந்தது. மென்பொருள் புதுப்பிப்பு வந்த ஒரு காலையில் ஒலி அமைப்பு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. "தம்பி, டி.வி.க்குச் சளி பிடித்துவிட்டது" என்றார் அப்பா. அன்றிலிருந்து அமைப்புகளை ஒரு தாளில் எழுதி டி.வி. மேசைக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செயலிக்குச் செயலி ஒலியளவு தாவுவதற்கு முழு மருந்து கிடையாது. நெட்ஃபிலிக்ஸ் தன் படைப்புகளில் வசனத்தின் சராசரி உரப்பை -27 எல்.கே.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவில் வைக்கச் சொல்கிறது, யூடியூப் ஒலியோ -14ஐ ஒட்டி இருக்கிறது. படம் முடிந்து யாராவது பாட்டுக்கு மாறினால் பதின்மூன்று டெசிபெல் ஒரே தாவலில் ஏறும். நைட் மோட் இதை ஓரளவு அடக்குகிறது. பெரிய சத்தத்தைக் குறைத்து, சிறிய சத்தத்தைத் தூக்குகிறது. பெயருக்கு இரவு, எங்கள் வீட்டில் அது மழை மோட். மேகம் கறுத்ததும் அப்பாவே அந்தப் பொத்தானை அழுத்திவிடுவார். மழையில் 30 வரை போகிறார், அதற்கு மேல் போனதில்லை.

மழையோடு இடியும் வரும். இரண்டாவது பெட்டியின் எச்.டி.எம்.ஐ. துளை ஒரு பிற்பகல் இடியில் கருகியது. சுவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தோம். தட்டின் கம்பியை மறந்துவிட்டோம். இணையம் கண்ணாடி இழையில் வருகிறது, அதன் வழியே மின்னல் வராது. தட்டின் செம்புக் கம்பி வழியே வரும். இப்போது இடி முழங்கினால் இரண்டையும் கழற்றுகிறோம். அப்போது டி.வி.யே கிடையாது என்பதால் இத்தனை ஏற்பாடும் இடியில்லாத மழைக்கு மட்டும்தான்.

சவுண்ட்பாரோடு வந்த தாழ்சுருதிப் பெட்டியை (சப்வூஃபர்) பற்றிக் கேட்பீர்கள். எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒரே சுவர். மூன்றாம் நாள் காலை அவர் வேலியோரம் வந்து, "என்ன அய்யா, ராத்திரி உங்கள் வீட்டில் லாரி ஏதும் வந்ததா?" என்று கேட்டார். அன்றே அதன் கம்பியைக் கழற்றினேன். அதன்மேல் அம்மா மணி பிளாண்ட் தொட்டி வைத்திருக்கிறார். உயரம் சரியாக இருக்கிறதாம்.