கவ்வாத்துக் கத்திக்கு டைட்டேனியமா, உருக்கா?

மஸ்கெலியாவில் மாமா கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்து விடுகிறவர். கத்தியின் பாரம் பொழுது சாயும்போது தோளில் தெரியும் என்பார். "டைட்டேனியத்தில் ஒன்று செய்தால் என்ன?" என்று போன கிழமை கேட்டார். நல்ல கேள்வி.

பாரத்தில் டைட்டேனியத்துக்கே வெற்றி. ஒரு கன சென்ரிமீற்றர் 4.5 கிராம்தான், உருக்கு 7.85 கிராம். மழையிலும் துருப்பிடிக்காது, ஏனென்றால் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் அதை மூடிக்கொள்ளும். உருக்குக் கத்தியை ஈரத்தோடு வைத்தால் காலையில் செம்புள்ளிகள்தான்.

சரி, வெட்டு? மாமாவின் கத்தியை வாங்கிப் பார்த்தேன். தீட்டித் தீட்டி விளிம்பு அரைவிரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. ஆனாலும் கூர் நிற்கிறது. கார்பன் உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் என்பதுதான் காரணம். டைட்டேனியத்தில் அந்த வித்தை பலிக்காது. தடித்த தேயிலைக் கிளையில் சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய கத்தி கிளையைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் அழுகல் நுழையும். செடிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. டைட்டேனியத்தின் விறைப்பும் உருக்கில் ஏறத்தாழப் பாதிதான். உலையில் காய்ச்சினாலோ காற்றின் ஒட்சிசனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

டைட்டேனியத்தின் தாதுவான இல்மனைட் நம் புல்மோட்டைக் கரையிலேயே இருக்கிறது. ஆனால் அதை உலோகமாக்குவது பெருஞ்செலவு.

மாமாவிடம் சொன்னேன்: "அலகு உருக்காகவே இருக்கட்டும் மாமா. ராத்திரி துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள்."