திறந்த சிமெண்டை எதில் வைப்பது? சிங்கப்பூர்க் காற்றுக்கு ஈடுகொடுக்கும் வாளி, பை, டப்பா: ஒரு மதிப்பீடு

குளியலறைச் சுவரில் பெயர்ந்த இரண்டு டைல்ஸை மறுபடி ஒட்ட எவ்வளவு சிமெண்ட் வேண்டும்? ஓரடிக்கு ஓரடி டைல்ஸ், பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குக் கலவை, ஒன்றுக்கு மூன்று மணல் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். வாங்கி வருவதோ 5 கிலோ பை. கிலோ விலை மலிவாக விழுகிறது என்று 50 கிலோ மூட்டையையே இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. மிச்சத்தின் வாயை ஒரு ரப்பர் பேண்டால் இறுக்கி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த டைல்ஸ் பெயரும்போது தேடி எடுப்பார்கள். கையில் வருவது சாம்பல் நிறக் கல்.

தீபாவளிக்கு முன் வீட்டைச் சரிசெய்கிற நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். வேலை அக்டோபரில் முடியும். மிஞ்சிய சிமெண்ட் நவம்பர், டிசம்பர் மழையைத்தான் முதலில் சந்திக்கும். மழை இல்லாவிட்டாலும் இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். வெயில் அடிக்கும் பிற்பகலில் மட்டும் 60 வாக்கில் இறங்கும்.

சிமெண்ட் கெட்டுப்போவதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈர ஆவி பட்டாலே ஒவ்வொரு துகளின் மேல்தோலும் வினைபுரியத் தொடங்கிவிடும். சிமெண்டில் இருக்கும் தனிச் சுண்ணாம்பும் அலுமினேட்டும்தான் முதலில் ஈரத்தை இழுக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தச் சுண்ணாம்பைத் திரும்பச் சுண்ணாம்புக்கல் தூளாக ஆக்கிவிடும். அதனால் தூள் தூளாகவே இருந்தாலும் பாதி வலு போயிருக்கலாம். கட்டி தட்டவில்லை என்பதால் நல்ல சிமெண்ட் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. இந்தியக் கட்டுமானப் பாடநூல்களில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: சாதாரணக் கிடங்கில் வைத்த மூட்டை மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும், ஆறு மாதத்தில் 30 விழுக்காடு, ஓராண்டில் 40. இது வாய் திறக்காத மூட்டைக்கு. திறந்ததற்கு எந்தக் கணக்கும் கிடையாது, எல்லாம் எதில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வந்த காகித மூட்டையிலேயே மடித்து வைப்பது: 5க்கு 1. அடுக்கடுக்கான காகிதம்தான், சிலவற்றில் நடுவே பிளாஸ்டிக் படலமும் இருக்கும். ஆனால் கத்தியால் கிழித்த வாயை எத்தனை முறை மடித்தாலும் காற்று உள்ளே போகும். துணி மாட்டும் கிளிப்பை நான்கு போட்டாலும் இதே கதைதான். இரண்டு வாரத்துக்குமேல் நம்ப வேண்டாம்.

ஹார்ட்வேர் கடைகளில் பிரித்துக் கட்டித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பை: ஒன்றரை. முடிச்சு இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் சிமெண்ட் துகள் உரசியே பையில் ஊசித் துளைகள் விழுந்துவிடும். பையைத் தூக்கி வைத்த இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் ஒட்டினால் துளை இருக்கிறது. தூள் வெளியே வரும் வழியில் காற்று உள்ளே போகாதா?

ஜிப் பை: 3. மெல்லியதை விட்டுவிட்டு ஃப்ரீசருக்கென விற்கும் தடித்த பையை எடுத்தால். இதில் எல்லாரும் கோட்டைவிடுவது ஜிப்பின் பள்ளத்தில். சிமெண்டைக் கொட்டும்போது அந்தப் பள்ளத்தில் தூள் படிந்துவிடும். விரலால் அழுத்திக்கொண்டே போனால் மூடிக்கொண்டதுபோல்தான் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் இடையிடையே சாம்பல் கோடு தெரியும். அந்தக் கோடு இருக்கும் இடமெல்லாம் திறந்த கதவு. பையின் வாயை வெளிப்புறமாக மடித்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்தைக் காய்ந்தபடியே துடைத்து மூடினால் பை தன் வேலையைச் செய்யும். ஈரத்துணி வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டால் மூன்றரை தரலாம்.

நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடும் சமையலறை டப்பா: 4. சிலிக்கோன் வளையம் நன்றாக இருந்தால் காற்று புகாது. 5 லிட்டர் டப்பாவில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே பிடிக்கும். கனம் தாங்காமல் கிளிப்பின் காது உடைவதுதான் இதன் குறை. ஒரு காது போனாலும் டப்பா போனமாதிரிதான். இன்னொன்று, சிமெண்ட் கண்ட டப்பா மறுபடி சமையலறைக்கு வரக்கூடாது. டைல்ஸ் இடுக்குக்கு வாங்கிய வெள்ளைச் சிமெண்டைப் பெயர் எழுதாத டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தால் அரிசி மாவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிற வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவர் படிக்கும் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். திறந்த தேதியையும் சேர்த்து.

எங்கள் முதல் பரிசு மூடியில் ரப்பர் வளையம் உள்ள 20 லிட்டர் வாளிக்கு: நான்கரை. பெயிண்ட் வந்த காலி வாளியே போதும், கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து உலர்த்திய பிறகு. எல்லா வாளி மூடியிலும் வளையம் இருப்பதில்லை, மூடியைத் திருப்பி விளிம்புப் பள்ளத்தைப் பார்த்து வாங்க வேண்டும். சோதிக்க எளிய வழி: காலி வாளியை மூடி, மூடியின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்துங்கள். காற்று உஸ்ஸென்று எங்காவது வெளியேறினால் அந்த மூடி சிமெண்டுக்கு ஆகாது. கை எடுத்ததும் மூடி எழும்பி நின்றால் நல்ல மூடி. அளவுக்கு: சாதாரணமாக நிரப்பிய 50 கிலோ மூட்டையின் கொள்ளளவு சுமார் 35 லிட்டர். இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் 25 கிலோ. அதற்குமேல் திணித்தால் கைப்பிடி கழன்றுவிடும்.

வாளியில் நேராகக் கொட்டாமல், இரண்டிரண்டு கிலோவாக ஜிப் பைகளில் கட்டி வாளிக்குள் அடுக்குவதற்குத்தான் அந்த நான்கரை. கொட்டி வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 25 கிலோவுக்கும் காற்று படும். பைகளாக இருந்தால் அன்றைக்கு எடுத்த இரண்டு கிலோவுக்கு மட்டும். இப்படிக் கட்டியது, அடிக்கடி திறக்காவிட்டால், மூன்று மாதம் கவலையில்லாமல் தாங்கும். அதற்குப் பிறகு சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். ஒரு 5 கிராம் பொட்டலம் இழுக்கக்கூடிய நீர் இரண்டு கிராமைத் தொடாது. நல்ல மூடி போட்ட 20 லிட்டர் வாளி காலியாகவே இருந்தாலும், அதிலுள்ள காற்றில் மொத்தமே அரை கிராம் நீர்தான் இருக்கும். ஆக, மூடி சரியாக இருந்தால் பொட்டலம் தேவையில்லை, மூடி ஓட்டையாக இருந்தால் பொட்டலம் சீக்கிரமே நிறைந்துவிடும். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பையும் இதே காரணத்தால் வீண் செலவு, தூளை இழுத்து மோட்டாரையும் கெடுக்கும். கட்டுமானக் குத்தகைக்காரர்கள் வைத்திருக்கும் இரும்பு வளையம் பூட்டிய நீல டிரம் அருமையானது, வீட்டுக்கு ரொம்பப் பெரிது.

எதில் வைக்கிறோம் என்ற அளவுக்கு எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் துணி உலர்த்தும் பின்கட்டு மிக மோசமான இடம். சிங்க்குக்குக் கீழே வைத்தால் ஒரு நாள் குழாய் கசிந்து வேலையை முடித்துவிடும். தாழ்வாரத்தில் வைத்தால் சாரல் அடிக்கும், தீப் பாதுகாப்பு விதிப்படி வழியையும் அடைக்கக்கூடாது. புதிய வீடுகளில் இருக்கும் பாதுகாப்பு அறை, அதாவது பாம் ஷெல்டர், இதற்குத் தோது: தண்ணீர்க் குழாய்க்கு வேலையில்லை, வெயிலும் சாரலும் கிடையாது. அங்கேயும் வாளியைத் தரையில் வைக்காமல் இரண்டு கட்டைமேல் வையுங்கள், சுவரை ஒட்டாமல். ஏர்கான் போடும் அறையில் வைத்திருந்தால் வேறொரு ஆபத்து. குளிர்ந்த வாளியை வெளியே கொண்டுவந்து உடனே மூடியைத் திறந்தால், குளிர்ந்த சோடா டின்னில் வேர்ப்பதுபோல் உட்பக்கச் சுவரிலும் சிமெண்டின் மேல்பரப்பிலும் ஈரம் படியும். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே கிடக்கவிட்டு, மழையில்லாத பிற்பகலில் திறந்து, வேண்டியதை எடுத்தவுடன் மூடிவிடுவதே சரி.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாலான் புசார் பக்கத்து டைல்ஸ் கடைகளானாலும் புளோக்குக்குக் கீழே இருக்கும் ஹார்ட்வேர் கடையானாலும், மூட்டையாக வாங்கினால் எஸ்எஸ் ஈஎன் 197-1 என்ற தரக்குறியையும் 42.5 போன்ற வலு எண்ணையும் பையில் பார்க்கலாம். சில்லறையாகப் பிரித்துக் கட்டிய பைகளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போது பிரித்தது என்று கேட்டால் "நல்ல சரக்குதான்" என்ற பதில் வரும். பையின் நான்கு மூலையையும் விரலால் அழுத்துங்கள். மூலையில் கடினமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஈரம் முதலில் பிடிப்பது அங்கேதான். நமக்குத் தெரிந்தவரை ஒரு தடவை வேலைக்கு ஒன்று இரண்டு கிலோ பை, விலை கூடினாலும், மூட்டையைவிட லாபம்.

இனி, வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்று பார்ப்பது.

கையை உள்ளே விட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் சற்று மிதந்து மூழ்க வேண்டும் என்பார்கள். இரண்டையும் நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள். பாதி கெட்ட சிமெண்டும் ஜில்லென்று இருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பது அதைவிட மேல். நல்லது மைதாபோல் வழவழவென்று இருக்கும், கெட்டது ரவைபோல் நறநறக்கும். நிறமும் சொல்லும்: மேலே வெளுத்த ஏடு படிந்திருந்தால் அந்த ஏடு முழுவதும் கழிவு.

கட்டி இருந்தால் பயந்துவிட வேண்டாம், முதலில் அது எந்தக் கட்டி என்று பாருங்கள். அடுக்கில் அடியில் கிடந்த மூட்டை பாரத்தால் இறுகியிருக்கும். அதை இப்படியும் அப்படியும் உருட்டினால் உதிர்ந்துவிடும், அதில் குறையில்லை. ஈரத்தால் வந்த கட்டி விரலுக்கு மசியாது, உடைத்தால் உள்ளே ஓடுபோல இறுகிய பாகம் தெரியும். அதைச் சுத்தியலால் தட்டிப் பொடித்துச் சலித்து மறுபடி கலவையில் சேர்க்கிற வழக்கம் உண்டு. பொடித்தாலும் அது திரும்பச் சிமெண்ட் ஆகாது. வெறும் மணல்தான், சிமெண்ட் கணக்கில் ஏறிய மணல்.

சந்தேகம் தீர ஒரே வழி அடை தட்டிப் பார்ப்பது. மாவுச் சல்லடையில் சலித்த சிமெண்ட் 100 கிராம், தண்ணீர் 28 முதல் 30 மில்லி. மூன்று நிமிடம் பிசைந்தால் சப்பாத்தி மாவுக்கும் கொஞ்சம் இளக்கமாக வர வேண்டும். அதே பதத்துக்குத் தண்ணீர் கூடுதலாகக் கேட்டால் அதுவே முதல் கெட்ட அறிகுறி. பழைய கண்ணாடித் துண்டின்மேல் எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் கனமாக, ஓரம் மெல்லியதாக அடைபோல் தட்டி, காயாமல் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். முக்கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கக்கூடாது. பத்து மணி நேரம் கழித்தும் கட்டைவிரல் நகம் பதிந்தால் அந்தச் சிமெண்டை மறந்துவிடலாம். இந்த ஊர் வெப்பத்தில் புதுச் சிமெண்ட் அதற்கு வெகு முன்பே இறுகிவிடும். மறுநாள் அடையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். எடுக்கும்போது ஓரம் கூர்மை கெடாமல் இருக்க வேண்டும், உடைத்தால் படக்கென்று உடைய வேண்டும். பிஸ்கட்போல் பொடிந்தால் தோல்வி. புதுச் சிமெண்டில் ஓர் அடை தட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும்.

கசிவை அடைக்கும் விரைவுச் சிமெண்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது சில நிமிடத்தில் இறுக வேண்டியது. ஒரு ஸ்பூன் கலந்து பார்த்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் இறுகவில்லை என்றால் தூக்கி எறியுங்கள். திறந்த பிறகு எல்லா வகையிலும் முதலில் கெடுவது இதுதான்.

அரைகுறையாகத் தேறியதை என்ன செய்வது? பூந்தொட்டிக்கு அடிப்பலகை வார்க்கலாம், கம்பம் நட வாளியில் ஊற்றலாம், சிமெண்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு. குளியலறைத் தரை, நீர்க்காப்புக்கு அடியில் வரும் பூச்சு, டைல்ஸ் ஒட்டு, பாரம் தாங்கும் எதற்கும் வேண்டாம். அங்கே மிச்சம் பிடிப்பது நான்கு வெள்ளி, இடித்துத் திரும்பச் செய்ய ஆகும் செலவு அதுபோல நூறு மடங்கு.

முழுக்கக் கெட்டதைக் கரைத்துத் தரைவடிகாலில் ஊற்றிவிடாதீர்கள், தூளாகக் குப்பைக் குழாயிலும் கொட்டாதீர்கள். பையிலேயே தண்ணீர் ஊற்றிக் கட்டியாக்கி, ரெனோவேஷன் கழிவாகச் சேர்த்துவிடுங்கள். குத்தகைக்காரர் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர் கழிவோடு அனுப்பலாம், இல்லையென்றால் நகர மன்றத்தைக் கேளுங்கள். வாளியும் கரண்டியும் கழுவிய தண்ணீரைக்கூட ஓரிரவு தெளியவிட்டு, அடியில் படிந்த மண்டியைத் தனியே வழித்தெடுக்க வேண்டும். உங்கள் குளியலறை வடிகாலின் குழாய் வளைந்து செல்வது கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலே. அது அடைத்துக்கொண்டால் ஆள் ஏணி போடுவது அவர் வீட்டில்தான்.