கிளச் ரிலீஸ் பெயாரிங் தெரிவு: டட்சன் 240 இசட் காருடன் நான்கரை ஆண்டுகள்

கிளிநொச்சியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்து ஓடுகிறவன் என்ற வகையில், என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி எஞ்சினைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் காரில் எனக்கு அதிக செலவையும் அலைச்சலையும் தந்தது எஞ்சின் அன்று. பெடலை மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கிளச் ரிலீஸ் பெயாரிங்தான். 1969 இன் இறுதியில் யப்பானில் பெயர்லேடி இசட் என்ற பெயரில் வெளிவந்து, ஏற்றுமதிக்கு டட்சன் 240 இசட் என்று பெயர் பெற்ற இந்தக் காரை 2019 இல் கொழும்பில் வாங்கினேன். இப்போது உள்ள பெயாரிங்கைப் பூட்டி நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. 27,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது.

வாங்கி மூன்றாம் மாதம், வவுனியாவிலிருந்து திரும்பும் வழியில், எல்லோரையும் போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினேன். கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் எஞ்சினை இயக்கிக் கிளச்சை மிதித்தபோது, கல்லில் இரும்பு உரசுவது போன்ற ஒரு கரகரப்புக் கேட்டது. காலை எடுத்தவுடன் நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டைக் கவனிப்பது மிகவும் முக்கியம். மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங்கையும், காலை எடுத்திருக்கும்போது வந்து மிதித்தவுடன் அடங்கினால் கியர்பொக்ஸின் முன் தண்டுப் பெயாரிங்கையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் கியர்பொக்ஸை இறக்கிவிட்டு, தவறான சாமானை மாற்றி ஏற்றியவர்களை நான் அறிவேன்.

இறக்கிப் பார்த்தபோது பெயாரிங் வறண்டு போயிருந்தது. அதைத் தாங்கும் கொலரின் உட்பக்கமும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்ததால் இரண்டையும் மாற்ற முடிவு செய்தேன். இங்கேதான் பெரும்பாலானோர் கவனியாத விடயம் ஒன்று இருக்கிறது. கடையில் ‘ரிலீஸ் பெயாரிங்’ என்று நாம் கேட்பது உண்மையில் இரண்டு பாகங்கள்: சுழலும் பெயாரிங் ஒன்று, அது இறுக்கி ஏற்றப்படும் கொலர் மற்றொன்று. இசட் வரிசைக் கார்களில் உண்மையான வேறுபாடு கொலரின் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரத்தைத் தீர்மானிப்பதும் காரின் பெயர் அன்று, எஞ்சினின் பின்னால் சுழலும் பிளைவீல் சக்கரத்தில் பூட்டியிருந்து, கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் கிளச் கவரே. 225 மில்லிமீற்றர் விட்டமுள்ள கிளச்சின் கவர் தாழ்வானது, அதற்கு உயரமான கொலர் வேண்டும். 2+2 எனப்படும் நான்கு இருக்கை வகையில் வந்த 240 மில்லிமீற்றர் கிளச்சின் கவர் உயர்ந்தது, அதற்குக் கட்டையான கொலர் வேண்டும்.

என் காரின் பெயரில் உள்ள 240 என்பது 2.4 லீற்றர் எஞ்சினைக் குறிப்பது. அதில் இருக்கும் கிளச்சோ 225 மில்லிமீற்றர். இந்த இரண்டு இலக்கங்களும் ஒன்றோடொன்று குழம்பியதால்தான் எனக்கு அந்தத் தொல்லை வந்தது. தொலைபேசியில் “240 இற்குரிய ரிலீஸ் பெயாரிங்” என்று கேட்டேன். கடைக்காரர் 240 மில்லிமீற்றர் கிளச்சுக்குரிய கொலரில் ஏற்றிய பெயாரிங்கை பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கவர் பூட்டியிருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்ற மனக்குறை இன்றும் உண்டு.

பூட்டியபோது எதுவும் தவறாகத் தெரியவில்லை. கொலர் கியர்பொக்ஸின் மூக்குக் குழாயில் வழுக்கி ஏறியது, கிளிப்புகள் சரியாக விழுந்தன. காரை இறக்கி மிதித்தபோது பெடல் தரைவரை போயும் கிளச் முழுமையாக விடுபடவில்லை. ரிவர்ஸ் கியர் பற்கள் உரசிக் கத்தின. வேறொரு கராஜில், பெடலின் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கொண்டுவரும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோலை நீட்டினால் சரிவரும் என்றார்கள். லேத் பட்டறையில் நீளமான கோல் ஒன்று கடைந்து போட்டேன். நிலைமை மோசமானது. கொலர் கட்டையாக இருந்தால், தள்ளுகோலுக்கும் கொலருக்கும் இடையில் நெம்புகோலாக வேலை செய்யும் போர்க்கின் உள்முனை எஞ்சின் பக்கமாக முன்னகர்ந்து நிற்கும். அதனால் வெளிமுனை ஏற்கெனவே பின்னால் சாய்ந்திருக்கும். இன்னும் தள்ளினால் அது கியர்பொக்ஸ் உறையின் துவாரத்துப் பின்விளிம்பில் முட்டுமே தவிர, கவரின் டயபிராம் ஸ்பிரிங்கை அழுத்தாது. போர்க்கைக் கழற்றியபோது அதன் முதுகில் விரல்நக அகலத்தில் பளபளவென்று ஒரு தேய்ப்புத் தடம் இருந்தது.

அதை முதலில் கண்டவர் என் காரை வழமையாகப் பார்க்கும் அண்ணை. கராஜ் மூலையில் கிடந்த இரும்புக் குவியலுக்குள் கைவிட்டுப் பழைய கொலரைத் தேடி எடுத்து, புதியதன் அருகில் மேசையில் நிறுத்தினார். “தம்பி, பெயாரிங் நல்ல பெயாரிங்தான். ஆனா கொலர் கட்டையாக் கிடக்கு, பார்” என்றார். இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். கண்ணுக்கு முன்னால் இரண்டு கொலர்களும் நிமிர்ந்து நின்றபோது, இரண்டு முறை கியர்பொக்ஸ் இறக்கிய கூலியும் மூன்று வாரங்களும் அந்த இடைவெளிக்குள்தான் போயின என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

அதன் பிறகு அளக்காமல் எதையும் பூட்டவில்லை. கிளச் பிளேட்டுடன் கவரைப் பிளைவீலில் முறைப்படி இறுக்கி, டயபிராம் விரல்களின் (அந்த ஸ்பிரிங்கின் உள்நுனிகளின்) மேல் கொலரோடு பெயாரிங்கை வைத்து, பிளைவீலின் முகத்திலிருந்து கொலரில் போர்க் தொடும் இடம் வரை அளக்க வேண்டும். இசட் கார்களை வைத்திருப்போர் நெடுங்காலமாக நம்பிவரும் அளவு ஏறத்தாழ 92 மில்லிமீற்றர். கட்டைக் கொலருடன் எனக்குக் கிடைத்தது 85. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்த உயரமான கொலருடன் 92 ஐச் சற்றுத் தாண்டியது. புதிய பெயாரிங்கை அதில் ஏற்றுவதற்கு வவுனியாவில் பிரஸ் உள்ள பட்டறைக்கே போனேன். சுத்தியலால் தட்டி ஏற்றினால் உள்ளே இருக்கும் குண்டுகளின் பாதையில் பள்ளம் விழுந்து, சில மாதங்களிலேயே பழைய கரகரப்புத் திரும்பிவிடும்.

அளவு கூடிப்போவதும் குறைவதைப் போலவே கேடுதான், ஆனால் அது உடனே தெரிவதில்லை. கிளச் பிளேட் தேயத் தேய டயபிராம் விரல்கள் பெயாரிங்கை நோக்கிப் பின்னால் வரும். கொலர் மிகை உயரமாக இருந்தால் ஒரு கட்டத்தில் இடைவெளியே இல்லாமற்போய், காலை எடுத்த பின்னும் பெயாரிங் அழுத்தத்துடன் சுழன்றுகொண்டிருக்கும். கிளச்சும் வழுக்கத் தொடங்கும். தொடக்க காலக் கார்களில் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் திருகிச் சரிசெய்யக்கூடியது. அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளியை எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

வன்னிக்கென்று ஒரு கவனமும் உண்டு. ஏ9 வீதி இப்போது நன்றாக இருந்தாலும், உள்வீதிகளில் இறங்கினால் கிரவல் புழுதி எங்கும் புகுந்துவிடும். போர்க் வெளியே வரும் துவாரத்தை மூடும் றப்பர் உறை கிழிந்திருந்தால், அந்தப் புழுதி மூக்குக் குழாயில் உள்ள கிறீஸுடன் கலந்து அரைக்கும் பசையாக மாறிவிடுகிறது. என் முதல் கொலர் முட்டை வடிவமாகத் தேய்ந்ததற்கு அதுதான் காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். மலிவான அந்த உறையை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். கிறீஸையும் மெல்லிய படலமாகவே பூச வேண்டும். அள்ளிப் பூசினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் படும். பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவவே கூடாது. அது மூடிய பெயாரிங், உள்ளே உள்ள கிறீஸ் கரைந்தால் மீண்டும் நிரப்ப வழியில்லை.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கார் நான்கு மாதங்கள் கொட்டகைக்குள்ளேயே நின்றது. மீண்டும் இயக்கிய அன்று முதலில் காதுகொடுத்துக் கேட்டது கிளச்சில் சத்தம் வருகிறதா என்றுதான், எதுவுமில்லை. சென்ற மாதம் எஞ்சினின் பின்பக்க எண்ணெய்ச் சீல் கசிந்ததால் கியர்பொக்ஸை இறக்க நேர்ந்தபோது டயபிராம் விரல்களின் நுனியைத் துடைத்துப் பார்த்தேன்: பெயாரிங் தொட்ட இடம் எல்லா விரல்களிலும் ஒரே அகலத்தில், ஒரே வட்டமாக மினுங்கியது. கையில் எடுத்துச் சுழற்றியபோது பெயாரிங் சற்றுக் கனத்துடன், சத்தமின்றிச் சுழன்றது. அதையே திரும்பவும் பூட்டியிருக்கிறேன். கட்டையான மற்றக் கொலர் அலுமாரியில் கம்பியில் கட்டிய துண்டுடன் கிடக்கிறது. துண்டில் ‘240 மி.மீ. கவருக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறேன்.