களியக்காவிளை பக்கம் ஷட்டில் கிளப், ஆளுங்க நடந்துக்குற விதத்துக்கே சேரலாம்

கோர்ட்டு, லைட்டு எல்லாம் ஓகே, ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது இங்க உள்ளவங்க பழகுற விதம்தான். ஷட்டில் லைனுக்கு உள்ள விழுந்துதா வெளிய விழுந்துதான்னு யாரும் சரியா பாக்கலன்னா சண்ட போடாம லெட் சொல்லி அந்த பாயிண்ட திரும்ப ஆடிருவாங்க, பாறசாலைல இருந்து வர்ற சேட்டன்மாரும் அப்படித்தான். புதுசா வந்த ஒரு பையன் சர்வீஸ ஒசரமா அடிச்சிட்டே இருந்தான், சீனியர் அண்ணன் ஒருத்தர் தன் கேம விட்டுட்டு வந்து, சர்வீஸ் அடிக்கும்போது ஷட்டில் தரைலருந்து 1.15 மீட்டருக்கு கீழ இருக்கணும்டே மக்கா-ன்னு ராக்கெட்ட புடிச்சு காட்டிக் குடுத்தாரு. புள்ளைங்கள வெளிய நின்னு திட்டுற அப்பா அம்மாகிட்டயும் கோச் தன்மையா பேசுவாரு, இது எல்லா கிளப்புலயும் வேணும். ஒரே கொற, ஞாயித்துக்கிழம 21 பாயிண்ட் முடிஞ்சும் சிலர் கோர்ட்ட விடமாட்டாங்க, காத்து நிக்கிறவங்க பாவம், நிர்வாகம் அதுல கண்டிப்பா இருக்கணும்.