தினமும் அரை மணி நேரம்: கிண்டில் பேப்பர்வைட், தமிழ் வாசகர் கையில்

கிண்டில் பேப்பர்வைட் அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவி. அதன் 2021ஆம் ஆண்டு மாடலுக்கு அமேசான் சொல்லும் பேட்டரி ஆயுள் பத்து வாரம். அடிக்குறிப்பைப் படித்தால் அந்தப் பத்து வாரம் எப்படி வந்தது என்று தெரியும்: ஒரு நாளைக்கு அரை மணி நேர வாசிப்பு, வைஃபை அணைத்த நிலை, 24 வரை போகும் வெளிச்ச அளவில் 13. கூட்டிப் பார்த்தால் 35 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் படிப்பவருக்குப் பதினெட்டாம் நாளே சார்ஜ் தீர்ந்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்தவர்கள் மனதில் வைத்திருக்கும் வாசகர் யார் என்பது மட்டும் அந்த அடிக்குறிப்பில் தெளிவாகத் தெரிகிறது: நாள்தோறும் அரை மணி நேரம் படிக்கிறவர். தமிழில் அப்படிப் படிக்க விரும்பும் ஒருவருக்கு இது எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரை 6.8 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள், எடை 205 கிராம். 2024இல் வந்த அடுத்த மாடலில் திரை 7 அங்குலம், எடை 211 கிராம், அதே அரை மணி நேரக் கணக்கில் பேட்டரி பன்னிரண்டு வாரம். பக்கம் இன்னும் சற்று வேகமாகத் திரும்புகிறது. பழையதை வைத்திருப்பவர் இதற்காக மாற்றத் தேவையில்லை. நினைவகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். படமில்லாத நாவல் ஒன்று பெரும்பாலும் ஓரிரு எம்பிக்குள் அடங்கிவிடும்.

பழக்கம் என்ற கோணத்தில் இதன் பெரிய பலம், மூடியைத் திறந்ததும் விட்ட வரியிலேயே நிற்பது. காந்த மூடியைத் திறந்தால் கருவி விழிக்கும், மூடினால் உறங்கும். கைபேசியில் படிக்க உட்காருபவர் புத்தகத்தை அடைவதற்குள் நாலு அறிவிப்புகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். இங்கே அது கிடையாது, ஒரு நிபந்தனையோடு: விமான நிலை எப்போதும் போட்டே இருக்க வேண்டும். இணையம் இருந்தால் முகப்பில் அமேசானின் கடை வந்து உட்கார்ந்துகொள்ளும், படிக்க வந்தவர் அட்டைப்படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பார். புதிய நூல் இறக்கும்போது மட்டும் இணையத்தைத் திறந்து மூடினால் போதும். கருவியில் ஒரே சமயத்தில் மூன்று நூலுக்கு மேல் வைக்காமலிருப்பதும் நல்லது. இருநூறு நூலை அடுக்கிவைத்தவர் தேர்ந்தெடுப்பதிலேயே பத்து நிமிடத்தைக் கழித்துவிடுவார்.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வதற்கு உறுதியான அடிப்படை இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கு ஆன காலம் நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. கிண்டில் செயலி தொடர்ந்து படித்த நாட்களை எண்ணிக் காட்டும். அந்த எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். 40 நாள் தொடர்ந்து படித்தவர், 41ஆம் நாள் காய்ச்சலில் படுத்து எண் பூஜ்யத்துக்கு வந்ததும், எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது. நாளின் ஒரே வேளை, ஒரே இடம், கண்ணில் படும்படி வைத்த கருவி: பழக்கத்தைப் பிடித்து நிறுத்துபவை இவைதான்.

அரை மணியில் எவ்வளவு நகரும்? ஆங்கிலத்துக்குச் சொல்லும் சொல்/நிமிடக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ஆங்கிலம் நான்கைந்து சொல்லில் சொல்வதைத் தமிழ் உருபும் விகுதியும் ஏற்றி ஒரே சொல்லில் முடித்துவிடும். அவரவர் வேகத்தைப் பத்து நிமிடம் அளந்து பார்ப்பதே சரி. அச்சுப் பக்கம் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அரை மணியில் 20 பக்கம், 250 பக்க நூல் 13 நாளில் முடியும். ஒரு நாள் இருநாள் தவறினாலும் ஆண்டுக்கு 25 நூல் கைகூடும்.

அந்த 25 நூலால் என்ன பயன்? யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 3,635 முதியவர்களின் தரவு பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்குப் பார்க்கப்பட்டது. புத்தகம் படித்தவர்கள், படிக்காதவர்களைவிட ஏறக்குறைய 23 மாதம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். செய்தித்தாள், இதழ் வாசிப்பில் அந்த அளவு பலன் தென்படவில்லை. படிப்பதால்தான் ஆயுள் நீண்டது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வயது, கல்வி, செல்வம், உடல்நலம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது என்று சொல்லலாம்.

தமிழருக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு பயன் இருக்கிறது. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. ‘போயிட்டிருந்தாங்க’ என்று நாளெல்லாம் காதில் விழும்; ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பதைக் கண்தான் சந்திக்க வேண்டும். எழுத்துத் தமிழ் வீட்டுப் பேச்சில் வந்து நம்மைத் தேடாது. ஒற்று மிகும் இடம் இதற்கு நல்ல உதாரணம். ‘எனக்குத் தெரியும்’, ‘அதைப் பற்றி’, ‘படிக்கச் சொன்னான்’ ஆகியவற்றில் வரும் த், ப், ச் ஏன் வந்தன என்று விதி சொல்லத் தெரியாதவர்கூட, தினமும் படிப்பவராக இருந்தால், அந்த மெய் விடுபட்ட இடத்தில் கண் இடறி நின்றுவிடுவார். பிறகு எழுதும்போது கை தானாகப் போடும். இலக்கண வகுப்பில் மாதக்கணக்கில் வராதது வாசிப்பில் வந்து சேரும். தமிழ் பேசுகிற, ஆனால் எழுதத் தயங்குகிற பிள்ளைகளுக்கு இந்த அரை மணி நேரத்தைவிடப் பெரிய உதவி தெரியவில்லை.

இரவு வாசிப்புக்கு வருவோம். ‘மின்வாசிப்புக் கருவி தூக்கத்தைக் கெடுக்கும்’ என்று மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2015இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 12 பேர். படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம், முழு வெளிச்சத்தில் வைத்த டேப்லெட்டில் படித்தார்கள். அச்சு நூல் படித்த இரவுகளைவிடத் தூக்கம் வர ஏறக்குறைய பத்து நிமிடம் கூடுதலாக ஆனது. அந்த முடிவை அப்படியே பேப்பர்வைட் மீது ஏற்ற முடியாது. டேப்லெட்டில் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து நேரே கண்ணுக்கு வரும். இதில் ஓரத்திலுள்ள எல்இடிகளின் ஒளி திரையின் மேற்பரப்பில் விழுந்து, காகிதத்தில் பட்டதுபோலத் திரும்பி வருகிறது. எழுத்தை உண்டாக்குவது மின்மை (இ-இங்க்): நுண்ணிய உறைகளுக்குள் மிதக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள், மின்புலம் கொடுத்தால் மேலேயும் கீழேயும் நகர்கின்றன. நகர்ந்தபின் அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. பேட்டரி வாரக்கணக்கில் வருவதன் ரகசியம் இதுதான். இருட்டறையில் வெளிச்சத்தை ஐந்து, ஆறு அளவுக்கு இறக்கி, மஞ்சள் சாயலைக் கூட்டி வைத்தால் போதும். 13 என்பது பகல் அறைக்கானது.

சில சமயம் முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகப் பின்னால் தெரியும். துகள்கள் முழுதாகத் திரும்பாததால் வருவது அது, கோளாறு அல்ல. அமைப்புகளில் பக்கப் புதுப்பிப்பைப் போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒருமுறை கறுத்து வெளுத்துத் துடைத்துக்கொண்டு வரும். அந்தச் சிமிட்டல் பிடிக்காதவர்கள் விட்டுவிடலாம்.

தமிழுக்குக் கிண்டில் 2016 டிசம்பரிலிருந்து முறையான ஆதரவு தருகிறது. ஆனாலும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் தமிழ்ப் பக்கம் அழகாக இருக்காது, கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். முதலில் வரி ஒழுங்கு. இருபுறமும் நேராக நிறுத்தும் அமைப்பில், ‘எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ போன்ற சொல் வரியில் இடம் போதாமல் கீழே இறங்கிவிடும், மேல் வரியில் மிஞ்சிய இரண்டு மூன்று சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு என்று மாற்றினால் இந்த ஓட்டை அடைபடும். ஓரத்தை மிகக் குறைவாக வைத்து, வரி இடைவெளியை நடுத்தரமாக்குங்கள். தமிழில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளும் என்பதால் நெருக்கமான வரி கண்ணைச் சோர்த்துவிடும்.

அடுத்தது எழுத்துரு. கணினியோடு யூஎஸ்பி வடத்தில் இணைத்தால் கருவியில் ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறை தெரியும். பிடித்த யூனிகோட் தமிழ் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை, சாதாரணம், தடிமன் இரண்டையும், அதில் போட்டால் எழுத்துருப் பட்டியலில் வந்துவிடும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு மின்மையில் சாம்பலாகத் தெரியும். சற்றுத் தடித்ததையே தேர்ந்தெடுங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் பக்கம் ஒன்றைத் திறந்து, எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எழுத்தின் அளவை முடிவு செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. குறள் வெண்பா ஒன்றைத் திறந்து பாருங்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர். நான்கு சீரும் ஒரே வரியில் நின்றால் அந்த அளவு செய்யுளுக்குப் பொருந்தும். நான்காம் சீர் தனியே கீழே விழுந்தால் அடி குலைந்து, எதுகையும் மோனையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். உரைநடைக்குப் பெரிய அளவு, செய்யுளுக்கு ஒரு படி சிறியது என்று மாற்றிக்கொள்வதில் சிரமமில்லை.

அதிகம் ஏமாற்றம் தருவது பிடிஎஃப். 6.8 அங்குலம் என்பது மூலைவிட்டம். திரையின் அகலம் 4.1 அங்குலம்தான். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். ஏ4 பக்கத்தை இதில் அடைத்தால் எழுத்து பாதியாகும், 12 புள்ளி எழுத்து 6 புள்ளியாகிவிடும். ஒருநாள் பல்லைக் கடித்துப் படிக்கலாம், தினமும் முடியாது. வருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூலென்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் சொற்களை வெட்டி, சிறிய திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். வேறொரு சிக்கலும் உண்டு: டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சிட்ட பிடிஎஃப்பை மாற்றினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். எழுத்தை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் நூலாக்க வேண்டும்.

முடிந்தவரை, திரைக்கேற்ப எழுத்து தானே அடுக்கிக்கொள்ளும் இபப் என்ற மின்னூல் வடிவத்தையே தேடுங்கள். நம் கோப்புகளைக் கருவிக்கு அனுப்பும் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை 2022 முதல் இபப்பை ஏற்கிறது. பழைய மோபி கோப்பை இப்போது அனுப்ப முடியாது. இணையப் பக்கம் வழியாக 200 எம்பி, மின்னஞ்சலில் 50 எம்பி வரை போகும். அனுப்பும் முன், கணினியில் மின்னூல்களைத் திருத்தவும் மாற்றவும் உதவும் கேலிபர் நிரலில் நூலின் மொழி ‘தமிழ்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பல தமிழ் இபப்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும், எழுத்துருத் தேர்வு அதனால் ஒழுங்காக வேலை செய்யாது. படிக்கப் பொருளுக்குப் பஞ்சமில்லை: தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இருக்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் இபப்போடு 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பும் தருகிறது. இப்படிப் பெற்ற கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும். அமேசானின் கடையில் வாங்கிய நூல்கள் அப்படியல்ல. அவற்றைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று எடுத்துவிட்டது. விலை கொடுத்த நூல் கையில் கோப்பாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது உண்மையான குறை.

சொல்லைத் தொட்டு அகராதி பார்க்கும் வசதி தமிழில் பாதிதான் பயன்படும். ‘மரத்தடியிலிருந்து’ என்று தொட்டால் அந்த வடிவம் எந்த அகராதியிலும் தலைச்சொல்லாக இருக்காது. அகராதி தனியே பக்கத்தில் இருப்பது நல்லது.

ஐபிஎக்ஸ்8 தரத்தில் நீர்க்காப்பு உண்டு: நன்னீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம். ஆனால் திரையில் சொட்டு விழுந்தால் அதையும் விரல் தொட்டதாக எடுத்துக்கொண்டு பக்கம் திரும்பும். பக்கம் திருப்பத் தனிப் பொத்தான் கிடையாது.

இனி, காகிதத்தில் கிடைத்து இதில் கிடைக்காத ஒன்று. நார்வே, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் 28 பக்கக் கதை ஒன்றைப் படித்தார்கள், பாதிப் பேர் அச்சிலும் பாதிப் பேர் கிண்டிலிலும். கதையைப் புரிந்துகொள்வதில் பெரும்பாலும் வித்தியாசமில்லை. எந்த நிகழ்ச்சி எதற்குப் பின் வந்தது என்று வரிசைப்படுத்துவதில் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடக்கையில் படித்த பக்கங்கள் தடித்துக்கொண்டு போவதும் வலக்கையில் மெலிவதும் நினைவுக்குப் பிடிமானமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். பாத்திரங்கள் நிறைந்த பெரிய வரலாற்று நாவலை இதில் படிப்பவர் இதைக் கட்டாயம் உணர்வார். அன்றைய அரை மணி முடிந்ததும் நடந்ததை ஒரே வரியில் ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால், மறுநாள் திரும்பத் தடவிப் பார்க்க வேண்டியிருக்காது. அட்டவணையும் வரைபடமும் நிறைந்த பாடநூல், படக்கதை, ஏ4 ஆவணங்கள் ஆகியவையே வாசிப்பில் பாதி என்றால் பேப்பர்வைட்டை வாங்க வேண்டாம். பத்து அங்குலத் திரையுள்ள கருவியைப் பாருங்கள், அல்லது தினமும் படிக்கும் அந்த இடத்தில் அச்சு நூலையே வையுங்கள்.